நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குப் பிறகு

காஞ்சிபுரத்திலிருந்து மேற்கு நோக்கிப் பெங்களூர் நெடுஞ்சாலையில் செல்கிறவர்கள், பாலுசெட்டி சத்திரத்தைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும், வடகிழக்குப் பருவமழை வஞ்சனையின்றிப் பெய்த ஆண்டாக இருந்தால், கண்ணுக்கெட்டிய மட்டும் நீர் விரிந்து கிடப்பதைக் காண்பார்கள். அதுதான் தாமல் ஏரி. வராகீசுவரரும் தாமோதரப் பெருமாளும் கோயில் கொண்டிருக்கும் அந்தப் பழைய ஊருக்கு ஏரி எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவு நெருக்கமாக இன்று அந்தச் சாலையும் ஆகிவிட்டது. இரவும் பகலும் ஓயாத அந்தப் போக்குவரத்தில் சரக்கும் சந்தையும் மட்டும் போகின்றன என்று எண்ணிவிடலாகாது, நோயும் போகிறது. கிழக்கே போனால் சென்னையின் பெரிய ஆஸ்பத்திரிகள். மேற்கே போனால், 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் என்ற அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கி, இன்று வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் தேடி வருகிற வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. விமானத்தில் சென்னைக்கு வந்து இறங்கி, மடியில் எக்ஸ்ரே உறைகளை வைத்துக்கொண்டு, வாடகை வண்டியின் பின் இருக்கையில் களைத்துச் சாய்ந்தபடி தாமலைக் கடந்து போகிற வெளியூர்க் குடும்பங்களை அந்தச் சாலையோரத்துத் தேநீர்க் கடைக்காரர்கள் பார்த்தவுடனே அடையாளம் சொல்லிவிடுவார்கள்.

தாமலுக்கு அருகிலேயே திருப்புட்குழி என்ற தலம் இருக்கிறது. வழியில் வெட்டுண்டு வீழ்ந்த ஜடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த இடம் அது என்பது ஐதிகம். அடிபட்டுக் கிடந்த ஒரு பறவையைத் தன் தந்தைக்குச் சமமாகப் பாவித்த அந்தக் கதையை மனத்தில் வைத்துக்கொண்டு, அதே வட்டாரத்தில் ஓடும் நெடுஞ்சாலையில் நள்ளிரவில் நிகழும் விபத்துகளைப் பற்றி நான் பல முறை யோசித்திருக்கிறேன். அடிபட்டவனைச் சுற்றிக் கூட்டம் நிற்கும், தண்ணீர் கொடுப்பார்கள், அதற்கு மேல் ஒருவரும் அசையமாட்டார்கள். போலீசு வழக்கு வரும், ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்பார்கள் என்ற இரண்டு அச்சங்களும் ஜனங்களின் கைகளைக் கட்டிப்போட்டிருந்த காலம் வெகு தூரத்தில் இல்லை. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்சு தமிழ்நாட்டுக்கு வந்தபோது முதல் கட்டு அவிழ்ந்தது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ என்ற திட்டம் தொடங்கப்பெற்றபோது இரண்டாவது கட்டும் அவிழ்ந்தது.

அந்தத் திட்டத்தின் பெருமை அது செலவிடும் தொகையில் இருப்பதாக நான் கருதவில்லை. சாலையில் அடிபட்டவனுக்கு முதல் 48 மணி நேரத்துச் சிகிச்சை இலவசம். அரசு மருத்துவமனையானாலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையானாலும் செலவை அரசே ஏற்கும் என்பது வரையில் அதுவும் மற்றத் திட்டங்களைப் போன்றதே. ஆனால் அடிபட்டவன் எந்த மாநிலத்தான், எந்தத் தேசத்தான், காப்பீட்டு அட்டை உள்ளவனா, வருமானச் சான்று வாங்கினவனா என்ற கேள்விகள் அங்கே எழுவதில்லை. தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டான் என்ற ஒன்றே போதும். பீகாரிலிருந்து வந்த லாரிக் கிளீனரும், காஞ்சிக்குச் சேலை எடுக்க வந்த கோடீசுவரரும், தாமல் ஏரிக்கரையில் மாடு ஓட்டி வந்த கிழவனும் அந்த வாசலில் ஒன்றாகிவிடுகிறார்கள். மருத்துவம் மனித உரிமை என்று ஏடுகளில் எழுதப்பட்டிருக்கிறதே, அது பிரத்தியட்சமாகக் கண்ணுக்குத் தெரிகிற இடம் நம் நாட்டில் ஒன்று உண்டென்றால், அது அந்த 48 மணி நேரந்தான் என்பேன்.

அப்படியானால் 49ஆவது மணியில் என்ன நேருகிறது? சாலையில் அடிபடாமல், வீட்டிலேயே உட்கார்ந்து மெல்ல மெல்லத் தேய்ந்துபோகிறவனுக்கு என்ன நேருகிறது? இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது அந்தக் கேள்விதான்.

தாமலுக்குப் பக்கத்து ஊரொன்றில் எனக்கு நெடுநாள் பழக்கமான பட்டு நெசவாளர் ஒருவர் இருக்கிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வீட்டின் முன்கட்டிலேயே குழித்தறி. காலையில் குழிக்குள் கால்களை இறக்கி உட்கார்ந்தாரானால், சாப்பாட்டு வேளை தவிர, வெளிச்சம் மங்குகிற வரை எழுந்திருக்கமாட்டார். அவர் நெய்வது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாக, இரண்டையும் ஊடை ஓட்டத்திலேயே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு போகிற அந்த வேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். ஒருவரால் ஆகிற காரியமன்று. ஆகவே அவருடைய மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கி வாங்கித் திருப்பிக் கொடுப்பார். இரண்டு பேர் உழைப்பு, ஒரு கூலி. அதுவும் நாட்கூலியன்று, சேலை முடிந்தால்தான் காசு.

அவருக்குச் சர்க்கரை வியாதி வந்து பல ஆண்டுகளாகிவிட்டன. உடல் அசையாமல் உட்கார்ந்தே செய்கிற தொழிலில் அது வருவதில் ஆச்சரியமில்லை. சர்க்கரை வியாதி நாட்படும்போது பாதத்து நரம்புகளை மரத்துப்போகச் செய்துவிடும் என்பதும், மரத்த பாதத்தில் ஏற்படும் காயம் வலிக்காது என்பதும், வலிக்காத காயந்தான் விரலையும் காலையும் கொண்டுபோகிறது என்பதும் மருத்துவர்கள் ஓயாமல் சொல்கிற விஷயங்கள். நெசவாளி வெறுங்காலால் மிதிகட்டையை மிதிக்கிறவன். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் மிதி என்று அவனே எண்ணியிருக்கமாட்டான். இவருடைய இடது கால் பெருவிரலுக்குக் கீழே, கட்டை உராயும் இடத்தில், ஒரு சிறு தோலுரிவு உண்டாகி, அது புண்ணாகி, புண் ஆழமாகி, குழியின் இருட்டுக்குள்ளேயே இருந்ததால் அவரும் பாராமல், மனைவியும் பாராமல், பட்டுப் பாவின் மேல் வாடை தட்டிய பிறகே தெரியவந்தது. நான் பார்க்கப் போனபோது சொன்னார்:

“வலியே இல்லீங்களே சார். வலிச்சாத்தானே ஆஸ்பத்திரிக்குப் போவணும்னு தோணும்? தோணியிருந்தாலும் பாதிச் சேலையை விட்டுட்டு எப்படிப் போறது?”

முதலில் அவர் போனது ஒரு தனியார் மருத்துவமனைக்கு. அரசு மருத்துவமனையை அறியாமல் போகவில்லை. புறநோயாளிகளைப் பார்க்கும் நேரம் தறி ஓடும் நேரம். தனியார் டாக்டர் இரவு ஒன்பது மணிக்கும் உட்கார்ந்திருப்பார். கட்டுக்கும் மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் வாரா வாரம் கைக்காசு போயிற்று. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை பெட்டியில் பத்திரமாக இருந்தது. ஆனால் படுக்கையில் சேர்ந்து அறுவை என்று வருகிற கட்டத்தில் கைகொடுக்கும் அந்த அட்டை, அறுவை வராமல் தடுக்கக்கூடிய அந்தச் சில்லறைச் செலவுக்குப் பெரும்பாலும் உதவாது. ஆக, விரல் இருக்கிற வரையில் அவர் தம் காசைச் செலவழித்தார்; விரலை எடுக்கிற நிலை வந்ததும் அட்டை செல்லுபடியாயிற்று. அரசு மருத்துவமனையில் நல்லபடியாகவே அறுவை செய்தார்கள், காசு வாங்கவில்லை. ஆனால் அவர் படுத்திருந்த நாட்களில் துணைக்குப் போன மனைவியின் கையும் சேர்ந்தே நின்றதால் தறி அடியோடு நின்றுவிட்டது. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் இன்னும் ஏறிற்று. இலவசச் சிகிச்சையின் விலை அந்த வீட்டுக்கு என்னவென்று கணக்கிட விரும்புகிறவர்கள் அந்த முன்பணத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

1948இல் நாம் தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டத்தை, அதாவது இ.எஸ்.ஐ. சட்டத்தை, இயற்றினோம். ஆலையில் வேலை செய்கிறவன் நோயுற்றால் மருந்தும் கிடைக்கும், படுத்த நாட்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கும் கிடைக்கும். சுதந்திரம் பெற்ற மறு ஆண்டிலேயே வந்த மிக உயர்ந்த ஏற்பாடு அது. ஆனால் அந்த ஏற்பாடு ஆட்களை எண்ணுகிறது. இன்றைக்குப் பத்துப் பேராவது வேலை செய்கிற தொழிற்கூடம் வேண்டும். தன் வீட்டில், தன் குழியில், மனைவியோடு உட்கார்ந்து நெய்கிறவன் எத்தனை பேருக்காக உழைத்தாலும் அந்த எண்ணிக்கையில் அடங்கமாட்டான். நோய் நாட்களுக்கு ஊதியம் என்ற பேச்சே காஞ்சியின் குழித்தறிகளுக்குள் இறங்கவில்லை.

காஞ்சிக்கு அப்பால், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், பதினோராம் நூற்றாண்டில் ஆண்ட வீரராஜேந்திர சோழன் காலத்துச் சாசனம் ஒன்று இருக்கிறது. வீரசோழன் என்ற பெயரால் அங்கே நடந்த ஆதுலர் சாலையில் 15 படுக்கைகள் இருந்தன என்றும், ஒரு வைத்தியரும், சல்லியக்கிரியை செய்கிற ஒருவரும், மருந்து கொண்டுவந்து காய்ச்சுகிறவர்களும், நோயாளிகளைப் பேணும் பெண்டிரும் இருந்தார்கள் என்றும், அவர்களுக்கு நெல்லும் காசும் அளக்கப்பட்டன என்றும், இருபது வகை ஔஷதங்கள் சேமித்து வைக்கப்பட்டன என்றும் அது கூறுகிறது. தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம் என்று மருந்துகளின் பெயர்களைக்கூடக் கல்லில் வெட்டி வைத்த அந்த அக்கறையை நினைக்கும்போது நெஞ்சு நிறைகிறது. நம்மவர் மேடைகளில் இதைச் சொல்லிப் பெருமைப்படுவதும் நியாயந்தான். ஆனால் சாசனத்தை முழுக்கப் படிக்கிறவர்கள் இன்னொன்றையும் காண்பார்கள்: அந்தப் படுக்கைகள் அக்கோயிலைச் சார்ந்த கல்விச்சாலை மாணாக்கர்களுக்கும் கோயிற் பணியாளர்களுக்கும் உரியவை. ஆற்றங்கரையில் ஏர் உழுதவனுக்கு அதில் இடம் இருந்ததாக எழுத்து இல்லை. அது கொடை. கொடுப்பவன் யாருக்குக் கொடுக்கலாம் என்று தீர்மானிப்பான். கொடுப்பவன் மறைந்தால் கொடையும் மறையும். அந்த ஆதுலர் சாலை எந்நாளில் மூடப்பட்டது என்று அழுது முறையிட ஒருவருக்கும் பாத்தியம் இருந்திருக்காது.

கொடைக்கும் உரிமைக்கும் உள்ள இந்தத் தூரத்தைக் கடக்கத்தான் சென்ற நூற்றாண்டின் பெரியவர்கள் முயன்றார்கள். 1946இல் வெளிவந்த, போர் (Bhore) என்பவர் தலைமையில் அமைந்த கமிட்டியின் அறிக்கை, பணம் கொடுக்க இயலாத காரணத்தால் எவனும் தகுந்த சிகிச்சை பெறாமல் போகக்கூடாது என்ற நியதியைத் தன் அஸ்திவாரமாகக் கொண்டது. அந்தக் கமிட்டியில் நம்முடைய டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியாரும் ஓர் அங்கத்தினர். 1948 டிசம்பர் 10 அன்று ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் 25ஆவது ஷரத்து, உணவு உடை உறையுளோடு மருத்துவத்தையும் சேர்த்தே எண்ணியது. ஆனால் நம் அரசியல் சட்டத்தில் பொதுச் சுகாதாரம் 47ஆவது பிரிவில், நெறிமுறைக் கோட்பாடுகளின் வரிசையில் வைக்கப்பட்டது. அரசு செய்யத் தக்கது என்பதாக இருந்ததேயன்றி, செய்யாவிட்டால் குடிமகன் கோர்ட்டுக்குப் போகலாம் என்பதாக இல்லை.

அந்தக் கதவைத் திறந்தவர் ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி. 1992 ஜூலையில் வங்காளத்தில் மதுராபூர் ரயில் நிலையத்தில் ஹகீம் ஷேக் என்பவர் ரயிலிலிருந்து விழுந்து தலையில் படுகாயமடைந்தார். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் வசதி இல்லை என்றார்கள். கல்கத்தாவில் ஓர் அரசு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கும், அங்கிருந்து வேறொன்றுக்குமாக அவரைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். ஓரிடத்தில் படுக்கை இல்லை, ஓரிடத்தில் கருவி இல்லை. கடைசியில் தனியார் மருத்துவமனையில் சேர்ந்து ஏறத்தாழ 17,000 ரூபாய் செலவழித்து அவர் பிழைத்தார். அவருடைய சங்கமும் அவரும் தொடுத்த வழக்கில், 1996 மே மாதத்தில், உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவைக் கையில் எடுத்தது. உயிர் வாழும் உரிமை என்பதில் உரிய நேரத்தில் சிகிச்சை பெறுவதும் அடங்கும்; அரசு மருத்துவமனை அதைத் தர மறுப்பது அந்த உரிமையை மீறுவதாகும்; பணமில்லை என்று அரசு சாக்குச் சொல்லலாகாது என்று தீர்ப்பளித்து, 25,000 ரூபாய் நஷ்ட ஈடும் கொடுக்கச் சொன்னது. மருந்துக்காக ஒரு கூலிக்காரன் அரசைக் கூண்டில் ஏற்றி ஜெயித்த வழக்கு அது. நம் பள்ளிப் பாடப் புத்தகங்களில் இடம்பெற வேண்டியது.

எனினும் அத்தீர்ப்பும், அதற்கு முன் 1989இல் பர்மானந்த் கட்டாரா வழக்கில் வந்த தீர்ப்பும் அவசரச் சிகிச்சையைப் பற்றியவை. நம்முடைய 48 மணி நேரத் திட்டமும் அந்த அவசரத்தின் வழியில் வந்ததே. இரத்தம் பெருகுகிற இடத்தில் நம் மனசாட்சி விழித்துக்கொள்கிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிற இடத்தில் அது விழிப்பதில்லை. ஆனால் தாமலிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் ஜனங்களைக் கொண்டுபோகிற நோய்கள் இன்று பெரும்பாலும் ஓசையில்லாதவை: இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய்.

புற்றுநோயைச் சொன்னதும் காரைப்பேட்டை நினைவுக்கு வருகிறது. காஞ்சியில் பிறந்து மாநிலத்தை ஆண்ட அண்ணா, சிகிச்சைக்காக நியூயார்க் வரை சென்று திரும்பி, 1969 பிப்ரவரி 3 அன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் காலமானார். அவர் பெயரால் அவருடைய சொந்த ஊருக்குப் பக்கத்தில், அந்தக் காரைப்பேட்டையில், அரசு புற்றுநோய் மருத்துவமனை நிலைபெற்றது. ஒரு முதலமைச்சருக்குக் கடல் கடந்தும் கிடைத்த சிகிச்சையில் ஒரு பங்காவது ஒரு நெசவாளிக்குச் சாலை கடந்தால் கிடைக்கட்டும் என்று எண்ணியிருந்தால், அதைவிடப் பொருத்தமான நினைவுச் சின்னம் வேறு இல்லை.

தமிழ்நாடு இவ்விஷயத்தில் பின்தங்கிய ராஜ்யமன்று. 1939லேயே சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றிக்கொண்டது. இந்தியாவில் முதலாவது அது. மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, தரம் பார்த்து, மாவட்டக் கிடங்குகளின் வழியாக ஆரம்பச் சுகாதார நிலையம் வரை அனுப்புகிற மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் ஏற்பட்டது. பிற மாநிலங்கள் அதைப் பார்த்துச் செய்தன. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி இம்மாநிலத்துப் பிரசவங்களில் நூற்றுக்கு 99க்கு மேல் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. 2021 ஆகஸ்டு 5 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை போகிறது. இவ்வளவையும் மனமாரப் போற்றுகிறேன்.

ஆனாலும் இவற்றுள் பெரும்பாலானவை அரசாணைகளால் நிற்பவை. ஓர் ஆணையால் வந்தது இன்னோர் ஆணையால் போகலாம். பணக்கஷ்டம் வந்தால் குறையலாம், ஆட்சி மாறினால் பெயர் மாறலாம். குறைந்தாலோ நின்றாலோ தாமலில் இருக்கிற ஒரு கிழவி யாரிடம் போய், எந்தப் பிரிவின் கீழ், எத்தனை நாளைக்குள் பதில் கேட்பாள்? திருமுக்கூடலுக்கும் நமக்கும் இடையே ஆயிரம் ஆண்டு உருண்டோடியும், இந்த ஓர் அம்சத்தில் நாம் அந்தக் கல்வெட்டுக்குச் சமீபத்திலேயே நிற்கிறோம்.

2023 மார்ச்சில் ராஜஸ்தான் சட்டசபை ஆரோக்கிய உரிமைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. தனியார் மருத்துவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். செலவை யார், எப்போது திருப்பித் தருவார்கள் என்று அவர்கள் கேட்ட கேள்வியை நான் தள்ளிவிடமாட்டேன்; அரசு பாக்கி வைத்தால் சிறு மருத்துவமனைகள் மூடிப்போகும். அந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பதில் நடைமுறையில் இருக்கிறது. நாற்பத்தெட்டு மணி நேரத் திட்டம் தொடங்கியபோதே நானூறுக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகள் அதில் சேர்ந்தன. விலை வரையறுக்கப்பட்டு, பணம் கொடுக்கும் முறையும் வகுக்கப்பட்டிருந்தது. ஆகும் என்று நாமே செய்து காட்டியதைச் சட்டமாக்கவும், அதை அவசரத்தின் எல்லையைத் தாண்டி நீட்டவும்தான் நான் கேட்கிறேன்.

அச்சட்டத்தில் என்ன வேண்டும் என்பதையும் நெசவாளியின் வீட்டிலிருந்தே சொல்லலாம். மாலையிலும் திறந்திருக்கும் புறநோயாளிப் பிரிவு வேண்டும். தறி நிற்காமல் மருந்து வாங்க அது ஒன்றே வழி. பாதத்தை ஆண்டுக்கொரு முறையாவது பார்த்தாக வேண்டும் என்ற கடமை எழுத்தில் இருக்க வேண்டும். புறநோயாளிச் செலவுக்கும் காப்பீடு வேண்டும். பத்துப் பேர் என்ற எண்ணிக்கையைக் கடந்து, வீட்டுத் தறிக்காரனுக்கும் அவன் மனைவிக்கும் படுத்த நாட்களுக்கு ஊதியம் வேண்டும். மறுக்கப்பட்டவன் முறையிட்டால் நாள் குறித்து விசாரிக்கும் அதிகாரி ஒருவர் மாவட்டத்தில் இருக்க வேண்டும். 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது மருத்துவக் கல்லூரி அந்தப் பக்கம் போய்விட, 2022 ஜனவரியில் மாநிலத்தில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டபோதும் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு ஒன்று வரவில்லை; அதுவும் வர வேண்டும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்பார்கள். பணம் இப்போதும் செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது. 2021-22ஆம் ஆண்டுத் தேசிய சுகாதாரக் கணக்கின்படி, இந்தியாவில் மருத்துவத்துக்குச் செலவாகும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 39 ரூபாய்க்கு மேல் ஜனங்கள் தம் கையிலிருந்து நேரே எடுத்துக் கொடுத்தது. அரசுகள் எல்லாம் சேர்ந்து செலவிட்டது நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு இரண்டு பங்கைக்கூடத் தொடவில்லை; 2025க்குள் இரண்டரைப் பங்காக்குவோம் என்று 2017இன் தேசிய சுகாதாரக் கொள்கை சொல்லியிருந்தது. சுமை இருக்கவே இருக்கிறது. அது யார் தோளில் இருக்கிறது என்பதே வழக்கு. இன்று அது முன்பணம் வாங்கிய தோளில் இருக்கிறது.

போன மாதம் அந்த நெசவாளர் வீட்டில் நான் உட்கார்ந்திருந்தபோது, மருந்துப் பையோடு தன்னார்வலர் பெண் ஒருத்தி வந்தாள். அவர் குழியை விட்டு எழுந்திருக்கவில்லை. இடது கையை மட்டும் தறிக்கு வெளியே நீட்டினார், வலது கையில் நாடா இருந்தது. அவள் இரத்த அழுத்தம் பார்த்து, விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்து, நோட்டில் குறித்துக்கொண்டு, மாத்திரை அட்டைகளை எண்ணிப் பாவின் ஓரமாக வைத்தாள். பிறகு அவர் மனைவியின் பக்கம் திரும்பி, “நீங்களும் கையை நீட்டுங்கம்மா” என்றாள். அந்த அம்மாள் கரை நாடாவைக் கீழே வைக்கத் தயங்கினார். வரிசை குலைந்துவிடும் என்றார். அவள் அவசரப்படாமல் அந்த வரிசை முடிகிற வரை காத்திருந்தாள். புறப்படும்போது பெரியவர் கேட்டார்:

“அடுத்த மாசமும் வருவியாம்மா?”

“வருவேங்க” என்றாள் அவள். பிறகு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “இன்னார்தான் வருவாங்கன்னு சொல்ல முடியாதுங்க. ஆனா யாராச்சும் வருவாங்க” என்றாள்.

பெரியவர் தலையை அசைத்துவிட்டு, மாத்திரை அட்டைகளை இன்னொரு முறை எண்ணத் தொடங்கினார்.